விசுவாவசு வருஷத்துப் பிள்ளைங்க மூணு பேரு – ஈப்போ போய் வந்த கதை

ஓம் சரவணபவ.



மெர்டேக்கா லீவுல மூணு நாளா ஆளக் காணோமே, அன்னதானத்துக்குக் காய் வெட்டக்கூட வரலையேன்னு நிறைய பேர் வாட்சாப்புல கேட்டுட்டீங்க. குடும்பத்தோட ஈப்போவுக்குப் போயிருந்தோம். சின்ன வயசு நண்பர்கள் மூணு பேருக்கு அறுபது வயசு. அதைக் கொண்டாடத்தான் போனோம். போய் வந்ததுலருந்து மனசுல சில விஷயம் ஓடிக்கிட்டே இருக்கு. நம்ம கோயிலுக்கு வர்ற பலருக்கும் இது உபயோகப்படும்னு எழுதறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல அந்த மூணு பேரு யாருன்னு சொல்லிடறேன். கிள்ளான் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். இன்னைக்கு அந்த இடத்துல ரெண்டு மாடி வீடுகளும் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனும் இருக்கு. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து வீடு எங்களுக்கு. எங்க அம்மா மூணு பேருமே விடியக்காலைல பெரட்டுக்குப் போயிட்டு அப்படியே பால் வெட்டப் போயிடுவாங்க. எங்களை ஆயாக் கொட்டகையில விட்டுடுவாங்க. ஒரே துணித்தொட்டில்ல மாத்தி மாத்திப் போட்டு ஆட்டின பிள்ளைங்கன்னு ஆயா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

ஒரு நண்பர் 1965 ஆடி மாசம் பிறந்தவர். இன்னொருத்தர் அதே வருஷம் ஆவணி. நான் 1966 தை. இங்கிலீஷ் கணக்குல பார்த்தா நான் அடுத்த வருஷம். அதனால தமிழ்ப்பள்ளியில அவங்க ரெண்டு பேரும் 1972-ல ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தாங்க, நான் 1973-ல. "தம்பி"ன்னு அவங்க கூப்பிட ஆரம்பிச்சது அங்கதான். ஆனா தமிழ் வருஷக் கணக்குல மூணு பேருமே விசுவாவசு. அந்த விசுவாவசு 60 வருஷம் சுத்தி, இந்த 2025 சித்திரையில மறுபடியும் வந்திருக்கு.

இதைப் பத்தி இளம் பிள்ளைங்களுக்காக ரெண்டு வார்த்தை. நம்ம தமிழ் வருஷப் பேரு பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் 60. அது முடிஞ்சா மறுபடியும் பிரபவ. ஏன் 60-னு என் மகன் கேட்டான். நம்ம குருக்கள் சொன்ன விளக்கத்தையே சொன்னேன். குரு பகவான் ராசி மண்டலத்தை ஒரு தடவை சுத்த சுமார் 12 வருஷம். சனி பகவானுக்கு சுமார் 30 வருஷம். 60 வருஷத்துல குரு 5 சுத்து, சனி 2 சுத்து. நாம பிறந்தப்போ ரெண்டு பேரும் எங்க இருந்தாங்களோ, கிட்டத்தட்ட அங்கயே திரும்ப வந்து நிப்பாங்க. பிறந்த வருஷம், பிறந்த மாசம், பிறந்த நட்சத்திரம் மூணும் கூடி வர்ற அந்த நாள்ல செய்யறதுதான் சஷ்டியப்த பூர்த்தி. நாம மணிவிழான்னு சொல்றோம். எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பது தாண்டி ஆயிரம் பிறை பார்த்தவங்களுக்குச் சதாபிஷேகம்.

தோட்டம் தொண்ணூறுகள்ல மூடிட்டாங்க. ஆளுக்கொரு பக்கமா போனோம். ஆடி மாசக்காரர் ரயில்வேயில சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போயிட்டார். ஆவணி மாசக்காரர் லோரி ஓட்டிக்கிட்டே பொண்டாட்டி ஊரான ஈப்போவுல குடியேறிட்டார். நான் கிள்ளான்லயே பேக்டரி வேலை. முப்பது வருஷமா கல்யாணம், சாவு, தைப்பூசம்னு பார்த்துக்குவோம். ஆனா ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா பேசி வச்சிருந்தோம். மூணு பேருக்கும் அறுபது வரும்போது, மூணு ஜோடியா திருக்கடையூர் போகணும். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைச்ச காலசம்ஹாரமூர்த்தி இருக்கிற தலம். அமிர்தகடேஸ்வரர், அபிராமி அம்மன் சந்நிதியில உட்காரணும்னு ஆசை. டிக்கட்டுக்கு மாசாமாசம் கொஞ்சம் பணமும் சேர்த்தோம்.

மூணு வருஷத்துக்கு முந்தி பிரிக்பீல்ட்ஸ் நண்பரோட மனைவி தவறிட்டாங்க. அடுத்த வருஷம் ஈப்போ நண்பருக்குச் சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யலைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சர்க்கரை வியாதி பல வருஷமா இருந்துச்சு. இப்ப வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவை உட்கார்ந்தா நாலு மணி நேரம். இந்தியா போறதுன்னா அங்கயும் டயாலிசிஸ் இடம் பதிவு பண்ணணும், டாக்டர் லெட்டர் வேணும், செலவு வேற. அவரே போன்ல சொல்லிட்டாரு, "நீங்க போயிட்டு வாங்கடா. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வாங்க."

அவர் இல்லாம எப்படிப் போறது? பிரிக்பீல்ட்ஸ் நண்பர் அவர் பங்குக்கு, "நான் யாரோட உட்காருவேன்? எனக்கு எதுவும் வேணாம்"னு முடிச்சுட்டாரு. ஆடி மாசம் அவரோட நட்சத்திரம் வந்துச்சு, போச்சு. யாருக்கும் சொல்லாம வேலைக்குப் போயிட்டு வந்துட்டாரு.

நான் நம்ம குருக்கள்கிட்ட போய் உட்கார்ந்தேன். ரெண்டு கேள்வி கேட்டேன். திருக்கடையூர் போகலைன்னா பலன் உண்டா? மனைவி இல்லாதவருக்கு என்ன செய்யறது?

குருக்கள் ரொம்ப சாதாரணமா பதில் சொன்னாரு. "திருக்கடையூர் போனா ரொம்ப விசேஷம். போக முடியாதவங்களுக்கு எந்தச் சிவன் கோயிலும், எந்த அம்மன் கோயிலும், சொந்த வீடும் போதும். சங்கல்பத்துல எந்த ஊர்ல உட்கார்ந்திருக்கோமோ அந்த ஊரைச் சொல்லித்தானே ஆரம்பிக்கிறோம்? அந்தச் சாமி ஈப்போவுக்கு வரமாட்டாரா?" ரெண்டாவது கேள்விக்கு, "மாங்கல்ய தாரணம்தான் தம்பதிக்கு. ஆயுஷ் ஹோமம் குழந்தைக்கும் செய்யறோம், தனி ஆளுக்கும் செய்யறோம். ஆயுசு எல்லாருக்கும் உள்ளது. அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. சங்கல்பத்துல அவர் பேரு, கோத்திரம், நட்சத்திரம் சொல்லச் சொல்லுங்க"ன்னாரு.

அங்கயே முடிவாச்சு. நாம போக முடியாத இடத்துக்கு அவரை இழுக்க வேணாம். அவர் இருக்கிற இடத்துக்கு நாம போவோம்.

நாள் பார்த்தப்போ ஆச்சரியமா இருந்துச்சு. ஈப்போ நண்பர் நட்சத்திரம் அனுஷம். ஐசி-யில அவர் பிறந்த நாள் செப்டம்பர்ல வரும். ஆனா இந்த வருஷம் ஆவணி அனுஷம் வந்தது ஆகஸ்ட் 31. நாட்டுக்கு 68-ஆவது சுதந்திர நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த நாள் திங்கள் லீவு. எல்லாத்துக்கும் மேல, சனிக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள். ரத்தம் சுத்தமாகி உடம்புல தேங்கின தண்ணி இறங்கின மறுநாள்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். அண்ணி போன்ல அழுதுட்டாங்க. "தம்பி, முருகனே பார்த்துக் கொடுத்த நாளு இது"ன்னாங்க.

பிரிக்பீல்ட்ஸ் நண்பரைச் சம்மதிக்க வைக்கிறதுதான் கஷ்டம். "மங்கள காரியத்துல நான் எதுக்குடா"ன்னு ஆரம்பிச்சாரு. என் மனைவி போனை வாங்கி, "அண்ணே, மாலை நீங்கதான் வாங்கணும். பிரிக்பீல்ட்ஸ் கடை எதுவும் எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டாங்க. வேலை கொடுத்துட்டா மனுஷன் வந்துடுவாருன்னு அவங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 30 சனிக்கிழமை காலை நாலரைக்குக் கிள்ளான்ல கிளம்பினோம். ஒரு அல்சா, ஒரு மைவி. நான், மனைவி, மகன், மருமகள், மகள், ரெண்டு பேரப்பிள்ளைங்க. பெடரல் ஹைவேயில கார் இல்லாம போனதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அஞ்சேகாலுக்கு ஜாலான் துன் சம்பந்தன்ல இருந்தோம். நண்பர் பேரனோட ரோட்டோரத்துல நிக்கிறாரு. பக்கத்துல ரெண்டு பெரிய பெட்டி. வாழையிலை போட்டு, ஈரத்துணி சுத்தி, மல்லி, ரோஜா, சம்பங்கி மாலை. காசு கொடுக்கப் போனேன், "நீ வாயை மூடிக்கிட்டு வண்டிய எடு"ன்னுட்டாரு.

அந்த ரோட்டுப் பேரைப் பார்த்துட்டு என் பேத்தி, "தாத்தா, துன் சம்பந்தன் யாரு"ன்னு கேட்டா. நண்பர்தான் பதில் சொன்னாரு. அவர் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்ல பிறந்தவர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துட்டுப் போன காலத்துல, தொழிலாளிங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சவர். தொழிலாளிங்க கொஞ்சம் கொஞ்சமா கட்டின பங்குப் பணத்துல தோட்டங்களையே வாங்கினாங்க. "எங்க தோட்டத்தை அப்படி யாரும் வாங்கல. வாங்கியிருந்தா உங்க தாத்தாவும் நானும் இன்னும் பக்கத்து வீடுதான்"னு சொல்லிட்டு வெளிய பார்க்க ஆரம்பிச்சுட்டாரு.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது தெரியணும். இந்த வருஷம் சுதந்திர தின அணிவகுப்பு நடந்த புத்ராஜெயா, ஒரு காலத்துல பிராங் பெசார் ரப்பர் தோட்டம். சுபாங் ஜெயா, சீபீல்ட் தோட்டம். நம்ம தாத்தா பாட்டி பால் வெட்டின நிலத்து மேலதான் நாம இன்னைக்கு டோல் கட்டிக்கிட்டு ஓட்டறோம்.

நீண்ட லீவுன்னா நார்த் சவுத் ஹைவே எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். ரவாங் தாண்டினதுமே ஊர ஆரம்பிச்சிடுச்சு. தஞ்சோங் மாலிம் வரைக்கும் பிரேக்ல இருந்து காலை எடுக்கல. சாதாரண நாள்ல கோலாலம்பூர்லருந்து ஈப்போ 200 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம். அன்னைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல. கார் எல்லாத்துலயும் ஜாலூர் கெமிலாங் கொடி பறக்குது. பிள்ளைங்க கொடி எண்ணிக்கிட்டே வந்துச்சுங்க. முந்நூறுக்கு மேல எண்ணிட்டுத் தூங்கிடுச்சுங்க. பெரியவங்களுக்குப் பேச்சுதான். 1994-ல இந்த ஹைவே முழுசா திறக்கறதுக்கு முந்தி, பழைய ரோட்டுல பீடோர், தாப்பா, கம்பார்னு ஒவ்வொரு டவுனா நுழைஞ்சு போவோமே, அந்தக் கதை. ஒரு தடவை கல்லுமலை தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில நின்னுக்கிட்டே போனோமே, அந்தக் கதை. பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சதை அவர் பேரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

தாப்பா ஆர் அண்ட் ஆர்ல நிறுத்திப் பசியாறினோம். விரதம்ங்கறதால என் மனைவி சைவ நாசி லெமாக் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. அங்க பழக்கடையில நல்ல கொய்யா, பெலிம்பிங் எல்லாம் இருந்துச்சு. மாமாவுக்கு வாங்கிட்டுப் போலாம்னு என் மகன் ரெண்டு கிலோ பெலிம்பிங் எடுத்துட்டான். நல்லவேளை, நண்பரோட மகள் அதே நேரத்துல எங்க இருக்கீங்கன்னு போன் பண்ணிச்சு. விஷயம் கேட்டதும், "சித்தப்பா, பெலிம்பிங் வேணவே வேணாம். கிட்னி போனவங்களுக்கு அது விஷம் மாதிரி"ன்னு பதறிடுச்சு. அந்த நட்சத்திரப் பழத்துல இருக்கிற ஒரு சத்தை நல்ல சிறுநீரகம் வெளியேத்திடுமாம். அவங்களால முடியாது. விக்கல், குழப்பம், வலிப்பு வரைக்கும் கொண்டு போய்விடுமாம். பழத்தை வச்சுட்டுக் கிளம்பினோம். இதைப் படிக்கிறவங்க தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்குங்க.

ஈப்போவுல ஹோம்ஸ்டேயில சாமானை இறக்கிட்டு, நேரா டயாலிசிஸ் சென்டருக்குப் போனோம். வெளிய நாற்காலி போட்டிருந்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. லோரி ஸ்டேரிங்கை ஒத்தக் கையால திருப்பின ஆளு அவரு. இப்ப சட்டை தோள்ல தொங்குது. வலது கையில பஞ்சு வச்சுக் கட்டுப் போட்டிருக்கு. எங்களைப் பார்த்ததும் நின்னுட்டாரு. "டேய், ஜாம்ல மாட்டாம வந்துட்டீங்களாடா"ன்னாரு. பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒண்ணும் பேசல. போய் அவர் கைப்பையை வாங்கி தோள்ல மாட்டிக்கிட்டாரு.

மறுநாள் காலைல புந்தோங் பக்கத்துல ஒரு சின்ன அம்மன் கோயில். மொத்தமே நாப்பது பேரு. மண்டபம் எடுக்கல, பேனர் கட்டல. ஆறரைக்கு விநாயகர் பூஜை ஆரம்பம். சங்கல்பத்துல குருக்கள் நண்பர் பேரையும் அண்ணி பேரையும் சொல்லிட்டு, பிரிக்பீல்ட்ஸ் நண்பரைக் கூப்பிட்டு முன்னால உட்கார வச்சாரு. அவர் பேரு, நட்சத்திரம் சொன்னாரு. அப்புறம் என் பேரு, என் மனைவி பேரு, என் நட்சத்திரம். எங்க நாள் வேற வேறதான். ஆனா ஆயுஷ் ஹோமத்துல மூணு பேருக்கும் சேர்த்து ஆகுதி போட்டாங்க. கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், மிருத்யுஞ்சய ஹோமம், ஆயுஷ் ஹோமம்னு ஒவ்வொண்ணா முடிஞ்சு பூர்ணாஹுதி ஆகும்போது ஒம்பது மணி.

இந்த இடத்துல சில விஷயம் சொல்லணும். உடம்பு முடியாதவங்களுக்கு இப்படிச் செய்யறப்போ என்னென்ன பார்த்துக்கணும்னு நண்பரோட மகள் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே குருக்கள்கிட்ட பேசியிருந்துச்சு. மனையில சம்மணம் போட்டு உட்கார முடியாது, நாற்காலி போட்டாங்க. சொந்தத்துல ஒரு பெரியவர் மனையிலதான் உட்காரணும்னாரு. குருக்கள், "மனையை நாற்காலி மேல போட்டாச்சுங்க ஐயா"ன்னு சிரிச்சுக்கிட்டே முடிச்சுட்டாரு. புகை நேரா முகத்துல அடிக்காம வாசல் பக்கமா உட்கார வச்சாங்க. ஆம்பளைங்களுக்கு வலது கையில காப்புக் கட்டறது வழக்கம். ஆனா இவருக்கு டயாலிசிஸ் ஊசி போடற ரத்தக்குழாய் வலது கையில இருக்கு. அந்தக் கையில இறுக்கமா எதுவும் கட்டக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, பிரஷர் கூட பார்க்கக் கூடாது. அதனால குருக்கள் இடது கையில தளர்வா கட்டினாரு. சர்க்கரைக்காரர்ங்கறதால காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு மருந்து போட்டுத்தான் உட்கார்ந்தாரு. "பட்டினி கிடந்து மயங்கி விழுந்தா அது விரதம் இல்ல"ன்னு குருக்களே சொல்லியிருந்தாரு.

கலசாபிஷேகத்துக்குப் பிளாஸ்டிக் பையால வலது கையைச் சுத்திட்டாங்க. தண்ணி வெதுவெதுப்பா இருந்துச்சு. வழக்கமா பிள்ளைங்க, சம்பந்திங்க, மூத்த தம்பதிங்க வரிசையா வந்து ஊத்துவாங்க. முதல் கலசத்தைக் குருக்கள் எடுத்ததும் நண்பர் கையைத் தூக்கி நிறுத்தினாரு. "சாமி, ஒரு நிமிஷம். என் கூட்டாளிங்க ரெண்டு பேரும் முதல்ல ஊத்தட்டும்"னாரு. பிரிக்பீல்ட்ஸ் நண்பர் பின்னால போய்த் தூண் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. வரமாட்டேன்னு தலையாட்டினாரு. அண்ணி எழுந்திரிக்காமலே கூப்பிட்டாங்க, "அண்ணே, எங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னது நீங்கதானே? இன்னைக்கும் நீங்கதான் வந்து நிக்கணும்."

வந்தாரு. கலசத்தை வாங்கினாரு. கை நடுங்குச்சு. ஊத்தினாரு. அதுக்கப்புறம் நான் ஊத்தினேன். அந்த நேரம் கோயில்ல ஒருத்தர் கண்ணும் காஞ்சிருக்கல. அதிகமா எழுதத் தெரியல எனக்கு.

புது வேட்டி, புதுச் சேலை மாத்திட்டு வந்தாங்க. தாலி கட்டினாரு. பிள்ளைங்க பாதபூஜை செஞ்சாங்க. அப்புறம் பேரப்பிள்ளைங்க எல்லாம் ஆசீர்வாதம் வாங்க வந்தப்போ, நண்பர் எங்களையும் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார வச்சுட்டாரு. மூணு தாத்தா வரிசையா. யார் பேரப்பிள்ளை யார் கால்ல விழுதுன்னே தெரியல. எமகண்டம் வர்றதுக்குள்ள சாப்பாடும் முடிஞ்சிடுச்சு. கீழ் மண்டபத்துல பிள்ளைங்க ஆசைப்பட்டுச்சுங்கன்னு முட்டை இல்லாத சின்ன கேக். மேல மூணு பேரு பேரு. நண்பர் விரல் நுனியில கொஞ்சம் தொட்டுச் சாப்பிட்டாரு. அவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணிக்கே அளவு இருக்கு. அண்ணி ஒரு சின்ன போத்தல்ல அளந்து வச்சிருந்தாங்க.

சாயங்காலம் ராகு காலம் முடிஞ்சு கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனோம். குனோங் சேரோ சுண்ணாம்புமலை அடிவாரத்துல இருக்கிற கோயில். தைப்பூசத்துக்குப் புந்தோங் மாரியம்மன் கோயில்லருந்து காவடி எல்லாம் இங்கதான் வரும். 1973-ல இந்த மலைப்பாறை சரிஞ்சு அடிவாரத்துல குடியிருந்தவங்க பலர் இறந்துட்டாங்க. ஈப்போ பெரியவங்க இன்னைக்கும் அதைச் சொல்லி ஒரு நிமிஷம் அமைதியா நிப்பாங்க. மூணு பேரும் படியில உட்கார்ந்தோம். அப்பதான் ஈப்போ நண்பர் அந்தப் பேச்சை எடுத்தாரு.

"மெஷின்ல உட்கார்ந்திருக்கிற நாலு மணி நேரம் என்ன யோசிப்பேன் தெரியுமா? என் சின்ன வயசைத் தெரிஞ்சவங்க இப்ப எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணுவேன். அப்பா அம்மா இல்ல. ஆயா இல்ல. தோட்டம் இல்ல. பள்ளிக்கூடம் இல்ல. நான் எப்படி ஓடுவேன், எப்படி அழுவேன்னு தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேருதான்டா. திருக்கடையூர் போகலைன்னு எனக்குக் குறை இல்ல. நீங்க வராம இருந்திருந்தா குறையா இருந்திருக்கும்."

பிரிக்பீல்ட்ஸ் நண்பர் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாரு, "அவ போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்டா ஒரு கோயில்ல என் பேரைச் சொல்லி அர்ச்சனை கேட்டேன்."

நானும் கோயில்ல இருபது வருஷமா தொண்டு செய்யறேன். அர்ச்சனை சீட்டு எழுதியிருக்கேன். வரிசையில நிக்கிறவங்ககிட்ட பேரு, நட்சத்திரம் கேட்டு வேகமா எழுதித் தள்ளிவிடுவோம். ஒருத்தர் தன் பேரைச் சந்நிதியில கேட்கறதுக்கு எவ்வளவு ஏக்கத்தோட வந்திருப்பாருன்னு அந்தப் படியில உட்கார்ந்து யோசிச்சேன்.

திங்கட்கிழமை கிளம்பறதுக்கு முந்தி புந்தோங்ல கச்சாங் பூத்தே வாங்கினோம். நம்ம ஆளுங்க பரம்பரையா செஞ்சு விக்கிறது. முறுக்கு, ஓமப்பொடி, கடலை, கச்சாங் எல்லாம் பை பையா. நம்ம கோயில் தொண்டர்களுக்கும் ரெண்டு பை வாங்கி வந்திருக்கேன், வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் கொடுக்கறேன். திரும்பி வர்றப்பவும் ஜாம்தான். யாரும் சலிச்சுக்கல.

இப்ப பக்தர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன்.

உங்க வயசு நண்பர்கள், தோட்டத்துக் கூட்டாளிங்க, பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்சவங்க யாருக்கு இந்த விசுவாவசு வருஷம் அறுபது வருதுன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. 1965 சித்திரையிலருந்து 1966 பங்குனி வரைக்கும் பிறந்தவங்க. அடுத்த சித்திரையில பராபவ வருஷம் பிறந்துடும். அதுக்கு முந்தி அவங்க நட்சத்திரத்தைக் கேட்டு வைங்க. அவங்களால வர முடியலைன்னா நீங்க போங்க. நாலு மணி நேர ரோடு பெரிசா தெரியும், ஆனா அது ஒரு ஷிப்ட்ல பாதிதான்.

பெரிசா செய்யணும்னு தள்ளிப் போடாதீங்க. எங்களுக்கு ஹோமத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவு, திருக்கடையூருக்குச் சேர்த்த பணத்துல பாதிகூட ஆகல. மிச்சத்தை நண்பரோட மருத்துவச் செலவுக்குக் கொடுத்தோம். அவர் வாங்கல. அண்ணிகிட்ட கொடுத்துட்டு வந்துட்டோம்.

துணையை இழந்தவங்களை மங்கள காரியத்துல பின்னால நிக்க விடாதீங்க. அவங்களா ஒதுங்கி நிப்பாங்க. நாமதான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வரணும். ஆம்பளையோ பொம்பளையோ, அவங்க ஆசீர்வாதமும் ஆசீர்வாதம்தான். என்ன செய்யலாம்னு குருக்கள்கிட்ட கேளுங்க, அவங்க வழி சொல்வாங்க.

நம்ம தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாட்டுல டயாலிசிஸ் செய்யறவங்க நம்ம இனத்துலயும் நிறைய பேர் இருக்காங்க. பிரசாதம் கொடுக்கும்போது அவங்க இளநீர், பஞ்சாமிர்தம், வாழைப்பழம் வேணாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. அதுல இருக்கிற பொட்டாசியம் அவங்க இதயத்துக்கு ஆபத்து. விபூதியும் பூவும் போதும். காப்புக் கட்டும்போது எந்தக் கையில ஊசின்னு ஒரு வார்த்தை கேளுங்க. வரிசையில நிக்க விடாம ஒரு நாற்காலி கொடுங்க. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிட்னி டெஸ்ட் எடுத்துடுங்க. கிளினிக்ல ரத்தம், சிறுநீர் கொடுத்தா தெரிஞ்சிடும்.

தை மாசம் என் நட்சத்திரம் வருது. கிள்ளான்லயே செய்யலாமேன்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. நானும் மனைவியும் பேசி முடிவு பண்ணிட்டோம். ஈப்போவுல, அதே சின்னக் கோயில்ல. வேலை நாளாத்தான் வருது, இப்பவே லீவு எழுதிக் கொடுத்துட்டேன். பிரிக்பீல்ட்ஸ் நண்பர் மாலைக்கு ஆர்டர் கொடுத்தாச்சாம். ஈப்போ நண்பர் போன்ல சொன்னாரு, "தை வரைக்கும் நான் பத்திரமா இருக்கணும்னு ஒரு வேலை கொடுத்துட்டடா தம்பி." அவருக்காக அர்ச்சனை செய்யறப்போ நீங்களும் அனுஷ நட்சத்திரக்காரர் ஒருத்தருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்குங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். முருகன் துணை.

திருச்சிற்றம்பலம்.